சொல் விளக்கம்: கருத்துருக் கலை

‘கான்செப்சுவல் ஆர்ட்’ என்பதைத் தமிழில் சிலர் ‘கருத்தியல் கலை’ என்கிறார்கள், சிலர் ‘கருத்துருக் கலை’ என்கிறார்கள். ‘கான்செப்ட்’டுக்கு ‘எண்ணக்கரு’ என்று பாடநூல்களிலேயே வழங்கும் இலங்கையில் ‘எண்ணக்கருக் கலை’ என்பதும் இயல்பாக ஒலிக்கும். இவற்றில் முதலாவதை நாம் கைவிட வேண்டும்.

பொருள் எளிது. கண்ணுக்கு முன் இருக்கும் ஓவியமோ சிற்பமோ இங்கே முதன்மையல்ல. அதன் பின்னுள்ள எண்ணமே படைப்பு. கைத்திறன் இரண்டாம் இடம்தான். 1917இல் பிரெஞ்சுக் கலைஞர் மார்செல் துஷாம்ப் கழிப்பறையில் பொருத்தும் ஒரு சிறுநீர்க் கலத்தைக் கண்காட்சிக்கு அனுப்பியதிலிருந்து இதன் வரலாற்றைத் தொடங்குவார்கள். ‘கான்செப்ட் ஆர்ட்’ என்ற பெயரை அமெரிக்கரான ஹென்றி ஃபிளின்ட் 1961இல் எழுதிய கட்டுரையில் பயன்படுத்தினார். 1967இல் அமெரிக்கக் கலைஞர் சால் லெவிட் எழுதிய கட்டுரையால் ‘கான்செப்சுவல் ஆர்ட்’ பரவலாயிற்று. வேர் இலத்தீனின் ‘கான்சிபெரே’: உள்வாங்குதல், கருக்கொள்ளுதல். வயிற்றில் கொள்வதற்கும் மனத்தில் கொள்வதற்கும் அங்கே ஒரே சொல். ‘எண்ணக்கரு’, ‘கதைக்கரு’ என்று சொல்லும் நமக்கு இது அந்நியமல்ல.

நியூயார்க்கில் இந்தக் கலை பெரும்பாலும் ‘கலை என்றால் என்ன’ என்றே கேட்டது. அதே ஆண்டுகளில் தென்னமெரிக்காவில் அதன் கேள்வி வேறு. பேசினால் சிறை, அச்சிட்டால் தணிக்கை என்ற நிலையில், ஓர் எண்ணத்தை எதில் ஏற்றி மக்களிடம் சேர்ப்பது?

பிரேசிலில் 1964 முதல் இராணுவ ஆட்சி. 1968 டிசம்பரில் வந்த ஐந்தாம் நிறுவன ஆணைக்குப் பிறகு அடக்குமுறை இறுகியது. 1970இல் சில்டோ மெய்ரெலெஸ் என்ற கலைஞர், கடையில் திருப்பிக் கொடுக்கும் கோகோ கோலா புட்டிகளை எடுத்து, அவற்றில் வெள்ளை எழுத்தில் அரசியல் வாசகங்களைப் பதித்து, மீண்டும் புழக்கத்தில் விட்டார். காலிப் புட்டியில் எழுத்து கண்ணில் படாது. ஆலையில் கருநிறப் பானம் நிரம்பியதும் தெளிவாகத் தெரியும். 1975இல் பத்திரிகையாளர் விளாடிமிர் ஹெர்சாக் சாவ் பாவ்லோவில் இராணுவக் காவலில் இறந்தார். தற்கொலை என்றது அரசு. ‘ஹெர்சாகைக் கொன்றது யார்?’ என்ற முத்திரையை மெய்ரெலெஸ் ரூபாய்த்தாள் போலக் கைமாறும் பிரேசிலின் அன்றைய குருசெய்ரோ நோட்டுகளில் குத்திச் செலவழித்தார். பணத்தை யார் கிழித்துப் போடுவார்? இந்தப் படைப்பின் நுட்பம் முழுவதும் அங்கேதான் இருக்கிறது. நோட்டு அழகானதல்ல, அரியதல்ல, கலைஞரின் கையெழுத்தும் அதில் இல்லை. அதை அடுத்தவரிடம் கொடுக்கும் ஒவ்வொருவரும் அந்தக் கேள்வியைக் கேட்டவர் ஆகிறார்.

அர்ஜென்டினாவில் 1968இல் ‘துக்குமான் எரிகிறது’ என்ற கூட்டுக் கலை முயற்சி நிகழ்ந்தது. சர்க்கரை ஆலைகளை அரசு மூடியதால் வறுமையில் விழுந்த துக்குமான் மாகாணத்துக்குக் கலைஞர்கள் நேரில் போனார்கள். தொழிலாளர்களிடம் பேசி, படமெடுத்து, சேர்த்தவற்றை ரொசாரியோவின் தொழிற்சங்கக் கட்டடத்தில் காட்சிக்கு வைத்தார்கள். வந்தவர்களுக்குச் சர்க்கரையில்லாக் காப்பி கொடுத்தார்கள். புவனோஸ் ஐரிசில் வைத்த காட்சி அரசின் நெருக்குதலால் விரைவிலேயே மூடப்பட்டது. சிலியில் பினோசேயின் இராணுவ ஆட்சியின்போது, 1983இல் ‘காதா’ என்ற கலைக் குழுவினர் சுவர்களில் ‘இனி வேண்டாம்’ எனப் பொருள்படும் ‘நோ +’ என்பதை மட்டும் எழுதினார்கள். எது வேண்டாம் என்பதை மக்களே எழுதி நிரப்பினார்கள்: பசி, சாவு, சித்திரவதை.

இனி மெய்ரெலெஸ் தன் புட்டிகளுக்கும் நோட்டுகளுக்கும் வைத்த பொதுத் தலைப்பைப் பாருங்கள்: ‘கருத்தியல் சுற்றோட்டங்களில் செருகல்கள்’. இங்கே ‘கருத்தியல்’ என்பது ‘ஐடியாலஜி’. ஆட்சியும் சந்தையும் நம்மீது ஓட்டிக்கொண்டிருக்கும் சிந்தனைத் தொகுதி. அதற்குள் புகுந்து அதைத் தடுமாற வைப்பதுதான் இந்தக் கலை. இரண்டையும் ‘கருத்தியல்’ என்றே எழுதினால், எதிர்ப்பவருக்கும் எதிர்க்கப்படுவதற்கும் ஒரே பெயராகிவிடும். கட்சிப் பிரச்சாரக் கலை என்றும் வாசகர் எண்ணிக்கொள்வார்.

மீதமுள்ள இரண்டில் ‘எண்ணக்கரு’ பொருளில் ஆழமானது. ஆனால் ஒரு சிக்கல் உண்டு. உருகுவே நாட்டில் வளர்ந்த கலைஞர் லூயிஸ் காம்னிட்சர் போன்றோர் நியூயார்க் பாணியை ‘கான்செப்சுவல் ஆர்ட்’ என்றும், உலகின் பல மூலைகளில் அரசியல் நெருக்கடிகளிலிருந்து எழுந்த பரந்த போக்கைக் ‘கான்செப்சுவலிசம்’ என்றும் பிரித்தார்கள். 1999இல் நியூயார்க்கின் குவீன்ஸ் அருங்காட்சியகத்தில் நடந்த பெரிய கண்காட்சி இந்தப் பிரிவை நிலைநாட்டியது. பின்னதை ‘எண்ணக்கருவியம்’ என்றால் ‘கருவி’ குறுக்கே வந்து நிற்கும். ‘கருத்துருவியம்’ தடையின்றி வருகிறது. ‘கருத்துரு’வில் உள்ள ‘உரு’ இந்தக் கலைக்கு முரண் அல்லவா என்று கேட்கலாம். கருத்தே உருவாக நிற்பது என்று பிரித்துப் படித்தால் முரண் இல்லை. ஆகவே நியூயார்க் பாணிக்குக் கருத்துருக் கலை, மெய்ரெலெஸும் ‘காதா’ குழுவினரும் செய்ததற்குக் கருத்துருவியம் என்று எழுதுவதே என் பரிந்துரை.