2 கிராம் லூரை வீசுற மூங்கில்: ஸ்பிளிட் கேன் ராடுக்குள்ள என்ன நடக்குது

மூங்கிலைப் பிளந்து, பிளாச்சுங்களை ஒட்டிச் செய்யுற தூண்டில் கம்புதான் ஸ்பிளிட் கேன் ராடு; அதுக்கு மூங்கில் ஏன் ஒத்துவருதுங்கிறது பனைமரத்தை அறுத்துப் பார்த்தவங்களுக்கு டக்குனு புரியும். வெளிப்பக்கம் கறுப்பா வைரம் பாய்ஞ்சிருக்கும், நடுவுல வெறும் சோறு, கைமரத்துக்கு வைரத்தை மட்டும் எடுத்துக்கிட்டு சோத்தைத் தள்ளிருவாங்க. மூங்கில்லயும் அப்படித்தான். ரெண்டுமே ஒருவித்திலைத் தாவரம், வேம்பு தேக்கு மாதிரி வருசத்துக்கு ஒரு வளையம் போட்டுப் பெருக்காது, தண்டுக்குள்ள நார்க்கட்டுங்க தனித்தனியா மேல கீழ ஓடும், வெளிப்பக்கம் நெருக்கமா, உள்ள போகப் போக தளர்வா. பந்தல் போட்டு மிச்சமான ஒரு மூங்கில் துண்டோட வெட்டுவாயை உப்புத்தாள்ல தேய்ச்சு லென்ஸ் வச்சுப் பார்த்தேன், தோல் ஓரத்துல கேழ்வரகைக் கொட்டி வச்ச மாதிரி புள்ளி புள்ளியா ஒண்ணை ஒண்ணு ஒட்டிக்கிட்டு நிக்குது, உள்பக்கம் வர வர புள்ளி பெருசாகி, இடைவெளி விட்டு, கடைசியில வெளுத்த சோறு மட்டும்தான். தோலை ஒட்டின இடத்துல பாதிக்கு மேல நாரு, உள்பக்கம் பத்துல ஒண்ணு ரெண்டு பங்குதான் இருக்கும்.

அதே துண்டுல ரெண்டு பிளாச்சு கிழிச்சு, ஒண்ணு தோல்பக்கத்துது இன்னொண்ணு உள்பக்கத்துது, ரெண்டையும் ஒரே தடிமனுக்கு சீவி வளைச்சேன். உள்பக்கத்துப் பிளாச்சு கொஞ்ச தூரத்துலயே படக்குனு போயிடுச்சு. தோல்பக்கத்துது வில்லா வளைஞ்சு, விட்டதும் விர்ருனு நேரா நின்னுச்சு. மூங்கில் ராடோட மொத்த சங்கதியும் இந்த ரெண்டாவது பிளாச்சுலதான் இருக்கு.

இப்ப அல்ட்ராலைட் ஸ்பின்னிங்னா என்னன்னு பார்ப்போம். சின்ன ஓடையில, தெளிஞ்ச தண்ணியில, ட்ரவுட் மாதிரி சட்டுனு மிரளுற மீனுக்காக வந்த தூண்டில் முறை இது. லூர், அதாவது மீனை ஏமாத்துற செயற்கை இரை, 1 கிராம்லருந்து 4 கிராம் வரைக்கும், தூண்டில் நரம்பு 1 இல்ல 2 கிலோ தாங்கும், ராடு ஒன்றரை மீட்டருக்குக் கொஞ்சம் மேல. 2 கிராம்ங்கிறது ரெண்டு பேப்பர் கிளிப் எடைதான், அதைக் கையால எறிஞ்சாலே அஞ்சாறு மீட்டர் தாண்டுறது கஷ்டம்.

ராடுல நரம்பைச் சுத்தி வைக்கிற கருவிதான் ரீல், முன்னாடி இருந்த பெரும்பாலான ரீல்கள்ல இதை வீசவே முடியாது. அதுல நரம்பு போகணும்னா அது சுத்தியிருக்கிற ஸ்பூல் சுத்தணும், நிக்கிற ஸ்பூலை சுத்த வைக்கிறதுக்கே லூர் தன்னோட சக்தியைச் செலவு பண்ணணும், 2 கிராம் லூர்கிட்ட அவ்வளவு சக்தி ஏது? இதுக்கு வழி கண்டுபிடிச்சது இங்கிலாந்துல பிராட்ஃபோர்டு பக்கத்து மில்காரர், ஆல்ஃபிரட் ஹோல்டன் இல்லிங்வொர்த், 1905ல பேட்டன்ட் வாங்கினார். மில்லுல பாபின் சுத்தாமலே அதோட நுனி வழியா நூல் உருவிக்கிட்டு வரும்ல, அதையே ரீலுக்குக் கொண்டு வந்தார். நம்ம தறியில நாடாவுக்குள்ள தார் அசையாம இருக்க நூல் மட்டும் நுனியில உருவிக்கிட்டு ஓடுமே, அச்சு அசல் அதேதான். ஸ்பூல் நிக்கும், நரம்பு சுருள் சுருளா வெளிய விழும், லூருக்கு நரம்போட எடையும் உரசலும் மட்டும்தான் பாரம். அந்தச் சுருளை அடக்கத்தான் ஸ்பின்னிங் ராடுல நரம்பு நுழைஞ்சு போற கைடு வளையங்கள்ல முதலாவது பெருசா இருக்கும், நுனிப்பக்கம் போகப் போக சின்னதாகும்.

வீசுறதுல கணக்கு எப்படின்னா, 2 கிராம் லூர் நுனியை விட்டுக் கிளம்பும்போது விநாடிக்கு 20 மீட்டர் வேகம் வேணும்னா 0.4 ஜூல் சக்தி போதும். ராடைப் பின்னாடி கொண்டுபோய் முன்னாடி தள்ளும்போது லூரோட எடை நுனியைப் பின்னுக்கு இழுக்குது, ராடு வளையுது, கை கொடுத்த வேலை அந்த வளைவுல சேருது, கையை நிறுத்தினதும் ராடு நிமிர்ந்து அதை லூருக்குத் தள்ளி விடுது. ராடு ரொம்ப விறைப்பா இருந்தா 2 கிராமுக்கு அது வளையவே வளையாது, குச்சியைச் சுத்துன மாதிரி ஆயிடும்.

இதைவிட முக்கியமான வேலை மீன் மாட்டின பிறகுதான். சின்ன வயசுல ஏரியில ஜிலேபி பிடிக்கப் போகும்போது சித்தப்பா சொல்வார், "நுனி மெல்லிசா இருக்கணும்டா, அப்பதான் நரம்பு அறாது." அது எவ்வளவு சரின்னு கணக்குப் போட்டப்பதான் தெரிஞ்சுது. அரைக் கிலோ மீன் ஒண்ணு விநாடிக்கு 1 மீட்டர் வேகத்துல திமிறுதுன்னு வைங்க, அதோட இயக்க சக்தி 0.25 ஜூல். ராடு 10 சென்டிமீட்டர் விட்டுக்கொடுத்து அதை நிறுத்துனா நரம்புல சராசரியா 2.5 நியூட்டன், அதாவது கால் கிலோ எடை தொங்குற மாதிரி. அதே மீனை 1 சென்டிமீட்டர்ல நிறுத்தப் பார்த்தா 25 நியூட்டன், இரண்டரைக் கிலோ, 2 கிலோ நரம்பு அந்த இடத்துலயே போச்சு. மீன் இன்னும் துடுப்படிச்சுக்கிட்டே இருக்கும், தண்ணி வேற சேர்ந்து இழுக்கும், அதனால நிஜத்துல கணக்கு இவ்வளவு சுத்தமா இருக்காது, ஆனா வித்தியாசம் இந்த அளவுதான். ரீல்ல டிராக்னு ஒரு வழுக்கு பிரேக் இருக்கு, நரம்போட பலத்துல கால்வாசியிலருந்து மூணுல ஒரு பங்கு வரைக்கும் வச்சுருப்பாங்க, அதுக்கு மேல இழுத்தா ஸ்பூல் நழுவி நரம்பைக் கொடுக்கும், ஆனா நழுவ ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி வர்ற முதல் அடியைத் தாங்குறது ராடு மட்டும்தான். வளைய வளைய நுனி நம்ம பக்கம் வந்துரும், நெம்புகோல் குட்டையாகும், பாரம் நுனியை விட்டு அடித்தடிக்கு இறங்கிடும்.

இப்படி நுனி மெலிசா, அடி வலுவா, எந்த இடத்துல எவ்வளவு வளையணுமோ அவ்வளவு வளையற ஒரு குச்சி முழு மூங்கில்ல கிடைக்காது, மூங்கில் தன் இஷ்டத்துக்கு வளர்ந்தது. அதனால அதைப் பிளந்து மறுபடி கட்டுறாங்க. 1840கள்ல அமெரிக்காவுல ஈஸ்டன்ங்கிற ஊர்ல துப்பாக்கியும் வயலினும் செஞ்சுக்கிட்டிருந்த சாமுவேல் ஃபிலிப்பி இதுல முன்னோடி. கழியை நீளவாக்குல பிளந்து, பிளாச்சை சமபக்க முக்கோணமா இழைக்கணும், தோல்பக்கத்தைத் தொடக் கூடாது, உள்பக்கத்துச் சோத்தை மட்டும் சீவித் தள்ளணும். அப்படி ஆறு பிளாச்சை முனை உள்ள போற மாதிரி சேர்த்து ஒட்டுனா அறுகோணக் குச்சி. ஒரு குச்சி வளையும்போது அதிகமா இழுபடுறதும் அமுங்குறதும் வெளி ஓரம்தான், நடுவுல ஒண்ணும் பெருசா இருக்காது, ஆறு பக்கமும் வைரமான தோல் வெளிய வந்து உக்காந்துருச்சுன்னா நாரெல்லாம் வேலை இருக்கிற இடத்துலயே இருக்கு. ஒழுங்கான அறுகோணம் எந்தத் திசையில வளைச்சாலும் ஒரே விறைப்பு காட்டும்ங்கிறது கூடுதல் லாபம்.

விறைப்பு விட்டத்தோட நாலாம் அடுக்குல ஏறும், இங்கதான் கைவேலை சோதிக்கப்படுது. நுனிப்பக்கம் ஒரு இடத்துல 2.4 மிமீ இருக்க வேண்டியது 2.5 ஆயிடுச்சுன்னா, ஒரு தாள் கனம்தான் வித்தியாசம், விறைப்பு 18 சதவீதம் ஏறிடும். அவ்வளவு சின்ன நுனியில ஒவ்வொரு பிளாச்சும் 1 மிமீ சொச்சம் உயரம்தான், அதை நூத்துல சில பங்கு மிமீ சுத்தத்துக்கு இழைப்புளியில சீவுறவங்களை நினைச்சா எனக்கு நிஜமாவே மரியாதை வருது. கணு இருக்கிற இடத்துல நார் வளைஞ்சு போகும், அங்க சிலம்பக்கம்பு நிமிர்த்துறவங்க மாதிரி சூட்டுல வாட்டித்தான் நேராக்குவாங்க, சூட்டுல நாரைப் பிடிச்சு வச்சிருக்கிற லிக்னின் இளகும், ஆறினா அந்த நிலையிலயே இறுகிடும். ஒட்டுறதுக்கு முன்னாடி பிளாச்சைக் கட்டி 180 டிகிரி வாக்குல கொஞ்ச நிமிஷம் அடுப்புல வைக்கிறதும் உண்டு, ஈரம் போய் மூங்கில் இன்னும் விறைப்பாகும்.

எந்த மூங்கில்ங்கிறதும் முக்கியம். ஆரம்பத்துல போனது நம்ம நாட்டு மூங்கில், கல்கத்தா துறைமுகத்துல கப்பல் ஏறுனதால கல்கத்தா கேன்னு பேரு, நம்ம ஊர்ல கல்மூங்கில்னு சொல்ற இனம்தான் அதுன்னு பொதுவா சொல்றாங்க. அப்புறம் சீனாவுல குவாங்டாங் பக்கம் சுய் ஆத்தங்கரையில விளையற டோன்கின் கேன் வந்து அதைத் தள்ளிருச்சு, கணுக்கள் புடைக்காது, கணுவிடை நீளம், தோல்பக்கத்து நார் அடர்த்தி ஜாஸ்தி. ஃபிளாய்டு மக்ளூர்ங்கிற அமெரிக்கத் தாவரவியலாளர் 1931ல அதுக்கு வச்ச பேருல 'அமாபிலிஸ்'னு ஒரு சொல் வரும், லத்தீன்ல அன்புக்குரியதுன்னு அர்த்தம்.

மூங்கில் ஸ்பின்னிங் ராடுக்குக் கிடைச்ச காலம் ரொம்பக் கொஞ்சம். ரெண்டாம் உலகப்போர் முடிஞ்சு நைலான் நரம்பு தாராளமா வந்த பிறகுதான் ஸ்பின்னிங் பரவுச்சு, அதே சமயத்துல கண்ணாடி இழை ராடும் வந்துருச்சு, 1950 கடைசியில கொரியப் போரால அமெரிக்கா சீனாவோட வியாபாரத்தை நிறுத்த டோன்கின் வரத்தும் நின்னுது. 1970கள்ல கார்பன் வந்ததும் எடை விஷயத்துல போட்டியே இல்லாம போச்சு.

எடை உண்மையான குறைதான், ஆனா நீளம் குறையக் குறைய அந்தக் குறை வேகமா சுருங்குது. ஒரு ராடை எல்லாப் பக்கமும் ரெண்டு மடங்காக்குனா எடை எட்டு மடங்கு, தன் எடையில தொங்குறது நீளத்தோட ஒப்பிட்டா ரெண்டு மடங்கு. அதையே திருப்பிப் பாருங்க, 3 மீட்டர் மூங்கில் ராடு மணிக்கட்டை ஒடிக்கும், ஒன்றரை மீட்டர்ல நூறு கிராம் வாக்குல இருக்கும், கையில ஒண்ணும் தெரியாது. நுனியோட சொந்த எடையால ராடு கார்பனை விட மெதுவா நிமிரும், கொடுத்த சக்தியில ஒரு பங்கை அதுவே வச்சுக்கும், அதனால தூரம் கொஞ்சம் குறையும். பதிலுக்கு 2 கிராம் லூருக்கும் ராடு முழுசா வளையும், கையை எப்ப நிறுத்தி விரல்லருந்து நரம்பை விடணும்ங்கிறது உள்ளங்கைக்கே தெரியும். பத்து மீட்டர் அகல ஓடையில தூரம் யாருக்கு வேணும்? பாறை இடுக்குல சத்தமில்லாம லூர் விழணும், அவ்வளவுதான். என்னைக் கேட்டா மூங்கிலுக்கு ஏத்த அளவு இந்த சின்ன ராடுதான்.

ஒரே ஒரு விஷயத்துல கவனமா இருக்கணும். ஈரத்தோட சுவத்துல சாய்ச்சு வச்சுட்டா மூங்கில் அந்த வளைவைப் பிடிச்சுக்கும், வார்னிஷ் விரிஞ்ச இடம் வழியா தண்ணி இறங்கிட்டா இன்னும் சீக்கிரமா. துடைச்சு, காய வச்சு, துணிப்பையில போட்டு நேரா தொங்க விடணும், அப்படியும் லேசா கோணிடுச்சுன்னா மெல்லிய சூட்டுல வாட்டி, எதிர்ப்பக்கம் கொஞ்சம் அழுத்திப் பிடிச்சு, கையிலயே ஆற விட்டா பெரும்பாலும் நேராயிடும்.