அக்கவுண்ட் நம்பரை நம்பரா சேவ் பண்ணாதீங்க

சில வருஷம் முன்னாடி ஒரு மாசக் கடைசி, வெண்டர்களுக்குப் பேமெண்ட் போட்ட மறுநாள் காலைல 11 பேரோட பணம் பவுன்ஸ் ஆகி வந்திருக்குன்னு அக்கவுண்ட்ஸ் அக்கா போன் பண்ணாங்க. கோடுல ஏதோ பக்குன்னு நைட் வரைக்கும் தேடுனோம், ஒன்னும் சிக்கல. கடைசில பாத்தா அந்த 11 அக்கவுண்ட் நம்பருமே பூஜ்யத்துல ஆரம்பிக்கிறது, எங்க டேட்டாபேஸ்ல மட்டும் அந்தப் பூஜ்யத்தைக் காணோம். யாரோ வெண்டர் லிஸ்ட் இருந்த சிஎஸ்வி ஃபைலை (கமா போட்டுப் பிரிச்ச வெறும் டெக்ஸ்ட்) எக்ஸெல்ல தொறந்து ஒரு பேரோட ஸ்பெல்லிங்கைத் திருத்தி சேவ் பண்ணிருக்காங்க, எக்ஸெல் அக்கவுண்ட் நம்பரை வெறும் எண்ணுன்னு நெனச்சு முன்னாடி இருந்த பூஜ்யத்தைத் தூக்கிடுச்சு, அவ்ளோதான் நடந்தது.

எக்ஸெல்லைத் திட்டி என்ன பண்றது, வந்ததை அப்படியே உள்ள விட்டது நாங்கதானே. மோங்கோ டிபின்னு ஒரு டேட்டாபேஸ் வச்சிருந்தோம், அதை எடுத்ததே ஸ்கீமா, அதாவது எந்த ஃபீல்டுல என்ன மாதிரி டேட்டா வரணும்ங்கிற ரூல், அந்தத் தொல்லை இல்ல, எதை வேணா போட்டுக்கலாம்னுதான். ஆனா உண்மைல ஸ்கீமா இருந்துச்சுங்க, பேமெண்ட் கோடுல ஒரு இஃப், ரிப்போர்ட் கோடுல வேற ஒரு இஃப், வேலையை விட்டுப் போன பையன் எழுதுன ஸ்கிரிப்ட்ல இன்னொன்னுன்னு ஆளுக்கொரு பக்கமா செதறிக் கிடந்துச்சு, ஒன்னு சொல்றது இன்னொன்னுக்குத் தெரியாது.

இப்ப ஜூனியர் பசங்ககிட்ட நான் சொல்ற ரூல் ஒன்னுதான்: ரெண்டைக் கூட்டிப் பாத்தா அர்த்தம் வருமா? வராதுன்னா அது ஸ்ட்ரிங், அதாவது எண்ணா இல்லாம எழுத்தா சேவ் பண்ண வேண்டியது. ரெண்டு பின்கோடைக் கூட்டி என்ன பண்ணப் போறீங்க? போன் நம்பர், ஆதார், அக்கவுண்ட் நம்பர் எல்லாம் இதே கதைதான். பூஜ்யம் மட்டும் இல்ல பிரச்சனை. பிரவுசர் கன்சோலைத் தொறந்து 9007199254740993னு டைப் பண்ணி என்டர் தட்டுங்க, கடைசி 3 போயி 2 வந்து நிக்கும். பிரவுசர்ல ஓடுற ஜாவாஸ்கிரிப்ட்ல ரெண்டோட 53ஆவது அடுக்குக்கு மேல முழு எண்ணை நம்ப முடியாது. ட்விட்டர் 2010ல இதுக்காகவே ஒவ்வொரு ட்வீட் ஐடியையும் ஸ்ட்ரிங்காவும் சேத்து அனுப்ப ஆரம்பிச்சாங்க. எக்ஸெல் இன்னும் மோசம், 15 இலக்கத்துக்கு மேல எல்லாத்தையும் பூஜ்யமாக்கிடும், எரர்னு ஒரு வார்த்தை சொல்லாது.

அப்புறம் ஜேசன் ஸ்கீமா எழுதினோம், ஜேசன்கிற டெக்ஸ்ட் ஃபார்மட்ல வர டேட்டாவுல எது எப்படி இருக்கணும்னு ஒரே எடத்துல எழுதி வைக்கிற முறை அது. அக்கவுண்ட் நம்பர் ஸ்ட்ரிங், உள்ள இலக்கம் மட்டும். ஐஎஃப்எஸ்சிக்கு மொத்தம் 11 எழுத்து, முதல் நாலு பேங்கோட எழுத்து, அஞ்சாவது எப்பவும் பூஜ்யம், மிச்சம் ஆறு பிராஞ்ச். இந்த அஞ்சாவது இடத்துல எத்தனை பேர் பூஜ்யத்துக்குப் பதிலா இங்கிலீஷ் ஓ போட்டிருந்தாங்கன்னு பேட்டர்ன் போட்டதும்தான் தெரிஞ்சுச்சு, கண்ணால பாத்தா ரெண்டும் ஒரே மாதிரிதானே இருக்கு.

ஸ்கீமா போட்டாச்சுன்னு நிம்மதியா இருந்தா அதுலயும் அடி விழுந்துச்சு. ஃபீல்டுகளை வரிசையா எழுதுனா மட்டும் அது கட்டாயம்னு ஆகாது, ரிக்கொயர்டுன்னு தனியாச் சொல்லணும். எக்ஸ்ட்ரா ஃபீல்டு வந்தாலும் டிஃபால்ட்டா விட்டுரும். அதனால ஃபீல்டு பேரை ஐஎஃப்சிஎஸ்னு எழுத்து மாத்தி அனுப்புன ஒரு ஃபைல் ஜம்முனு பாஸ் ஆயிடுச்சு, ஐஎஃப்எஸ்சி இருக்க வேண்டிய எடத்துல ஒன்னுமே இல்ல, ஸ்கீமா செக்கும் எதுவும் சொல்லல. டைப்ஸ்கிரிப்ட் ஆளுங்களுக்கு ஒரு வார்த்தை, வெளிய இருந்து வர ஜேசனுக்கு ஆஸ் வெண்டர்னு (இது வெண்டர் டைப்தான்னு) போடறது நீங்க கம்பைலருக்குப் பண்ற சத்தியம் மட்டும்தான், ரன் ஆகும்போது அந்த டைப்பே அங்க இருக்காது. பைத்தான்ல டேட்டா செக் பண்ற பைடான்டிக்லயும் ஃபீல்டை இன்ட்னு (முழு எண்ணுன்னு) எழுதிட்டா ஸ்ட்ரிங்கா வந்த எண்ணை அதுவா இன்டிஜர் ஆக்கிடும், பூஜ்யம் மறுபடி போச்சு. இப்படித் தானா மாத்தாத ஸ்ட்ரிக்ட் மோடு எதுக்கு இருக்குன்னு அன்னைக்குத்தான் புரிஞ்சுச்சு.

பழைய டேட்டா இருக்கிற எடத்துல ஒரே நாள்ல கதவைச் சாத்திடாதீங்க. மோங்கோல 3.6ல இருந்தே ஜேசன் ஸ்கீமா செக் இருக்கு, அதை முதல்ல வார்ன்ல வைங்க, தப்பான ரெக்கார்டு வந்தாலும் உள்ள விடும், லாக்ல மட்டும் எழுதி வைக்கும். ஏற்கனவே உள்ள கிடக்கிறதை அது தானாத் தொடாது, அதுக்குத் தனியா ஒரு ஸ்கிரிப்ட் ஓட்டித்தான் ஆகணும். நாங்க ரெண்டு வாரம் லாக்கைப் பாத்து, ஃபைல் அனுப்புறவங்ககிட்ட பேசி, அப்புறம்தான் தப்பானதை உள்ளயே விடாத எரருக்கு மாத்தினோம்.

அந்த ஸ்கிரிப்ட் ஓட்டும்போது ஒரு வெண்டரோட அக்கவுண்ட் நம்பர் எடத்துல "பாஸ்புக் பாத்துட்டு சொல்றேன்"னு இருந்துச்சு. போன் போட்டுக் கேட்டோம். நான் அப்பவே சொல்லிட்டேனே தம்பின்னாரு.