கழுத்தைத் திருப்பிய பிறகு மூன்று நாள்

தமிழ்நாடு-கேரள எல்லையிலுள்ள களியக்காவிளைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் உளுக்கு எடுப்பவர்களுக்குப் பஞ்சமில்லை. ஆசானிடம் (நாட்டு வைத்தியரிடம்) எண்ணெய் தேய்த்து உருவும் உழிச்சல், மறுவாரம் முதுகெலும்பையும் மூட்டுகளையும் கையால் திருப்பும் கைரோபிராக்டிக் என்று மாறி மாறிப் போகிறவர்களும் உண்டு. அதனால் கழுத்தில் கை வைக்குமுன் கேட்கவேண்டிய முதல் கேள்வி: கடைசியாக யார், எப்போது திருப்பினார்கள்? அடுத்தது மருந்துச் சீட்டு. வார்ஃபரின், அசிட்ரோம் போன்ற இரத்தம் உறையாமைக்கான மாத்திரை, நெடுநாள் ஸ்டீராய்டு, எலும்புத் தேய்மானம் இருந்தால் வேகமாகத் திருப்பும் வேலையே வேண்டாம்.

சொடக்குச் சத்தம் மூட்டு நீரில் வாயுக்குழி உண்டாவதால் வருகிறது. எலும்பு இடத்தில் போய் உட்காரும் ஓசை அல்ல. "சத்தம் கேக்கல, இன்னொருக்க திருப்புங்க" என்பவருக்காக மறுபடி திருப்புவது வீண் ஆபத்து.

திருப்பிய இடத்தில் வலி, இறுக்கம், லேசான தலைவலி, அசதி: இவை பலருக்கும் முதல் 24 மணி நேரத்துக்குள் வரும், இரண்டு மூன்று நாளில் போகும். இதற்குப் பயப்பட வேண்டாம். ஆனால் இது தணிகிறதா, ஏறுகிறதா என்று பார்க்க முந்தைய அளவு தேவை. வலி பத்துக்கு எத்தனை, இரு கைப்பிடி பலம், விரல் உணர்ச்சி, இரத்த அழுத்தம் ஆகியவற்றைச் சிகிச்சைக்கு முன்பே எழுதுங்கள். முடிந்ததும் கால்மணி நேரம் உட்காரவைத்து, எழுந்து நடக்கச் சொல்லிப் பாருங்கள். மறுநாளும் மூன்றாம் நாளும் ஒரு போன்.

பயப்படவேண்டியது முதுகெலும்புத் தமனி. கழுத்தெலும்புகளின் பக்கத் துளைகள் வழியே ஏறி, முதல் எலும்பின்மேல் வளைந்து மூளைக்குள் போகிறது. அதன் உட்சுவர் கிழிந்தால் இரத்தக்கட்டி உண்டாகி, சில மணி நேரமோ சில நாளோ கழித்துப் பக்கவாதம் வரலாம். அபூர்வம்தான். சிக்கல் என்னவென்றால், ஏற்கெனவே கிழிந்த தமனியும் வெறும் கழுத்துவலியாகத்தான் காட்டும். இதுவரை இல்லாத மாதிரி ஒருபக்கக் கழுத்துவலி, பின்தலைவலி என்று வருபவரைத் திருப்பாமல் மருத்துவமனைக்கு அனுப்புங்கள்.

இரட்டைப் பார்வை, நாக்குக் குழறல், விழுங்கமுடியாமை, நடை தள்ளாட்டம், முகம் மரப்பு வந்தால் எண்ணெய் தேய்க்கக்கூடாது, கழுத்தைத் திருப்பியவரிடமே மறுபடி ஓடவும் கூடாது. 108ஐ அழைத்து, சி.டி. ஸ்கேன் உள்ள மருத்துவமனைக்குப் போகவேண்டும். இரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசி தகுதியானவர்களுக்கு 4.5 மணி நேரத்துக்குள் போடப்படுவது. கடிகாரம் ஓடுவது கடைசியாக நன்றாக இருந்த நேரத்திலிருந்து. இடுப்புச் சிகிச்சைக்குப் பின் சிறுநீர் அடைப்பு, தொடையிடுக்கில் உணர்ச்சியின்மை என்றாலும் அதே அவசரம்.

எல்லைக்கு அப்பால், கேரளத்தின் பாறசாலைப் பக்கத்திலிருந்து வருபவர் மலையாளத்தில் "தலகறக்கம்", "தரிப்பு" என்பார். அதை நீங்களே "தலைச்சுற்றல்", "மரத்துப்போதல்" என்று மாற்றி எழுதாதீர்கள். தரிப்பு என்பது ஊசி குத்துவது போன்ற கூச்சம், மரத்துப்போவது வேறு. சொன்ன சொல்லோடு இடப்பக்கமா வலப்பக்கமா என்பதையும் எழுதிவையுங்கள்.