விசையைத் தட்டியதும் ஈமேக்ஸ் என்ன செய்கிறது?

ஈமேக்ஸ் என்ற டெக்ஸ்ட் எடிட்டரில் ஒரு விசையைத் தட்டினால் எழுத்து நேராகக் கோப்புக்குள் போய்விடுவதில்லை. அந்த விசைக்கு எந்தக் கட்டளை என்று ஈமேக்ஸ் முதலில் ஓர் அட்டவணையில் தேடுகிறது. சாதாரணக் கோப்பில் 'டி' விசைக்குக் கிடைப்பது 'செல்ஃப்-இன்சர்ட்-கமாண்ட்'. எழுத்தைப் போடுவது அதுதான். கோப்புறையைப் பட்டியலிடும் டைரெட் மோடில் (மோடு என்பது ஒரு வகை வேலைக்கான அமைப்பு) அதே விசை, அந்த வரியிலுள்ள கோப்பை அழிப்பதற்காகக் குறித்து வைக்கிறது. அங்கே அட்டவணை வேறு.

ரிச்சர்ட் ஸ்டால்மன் 1984இல் எழுதத் தொடங்கிய இந்தக் கட்டற்ற மென்பொருளின் உட்கரு சி மொழியில் உள்ளது. அதன்மேல் இருப்பதில் பெரும்பகுதி லிஸ்ப் என்ற மொழியில் எழுதிய நிரல். எடிட்டர் ஓடிக்கொண்டிருக்கும்போதே அதைத் திருத்தலாம்: நிரல் துண்டின் கடைசி அடைப்புக்குறிக்குப் பின் கர்சரை வைத்து கன்ட்ரோல்-எக்ஸ், கன்ட்ரோல்-இ தட்டினால் புதிய வரையறை அப்போதே அமலுக்கு வரும். மூடித் திறக்க வேண்டாம். தொடங்கும்போது ஈமேக்ஸ் படிக்கும் இனிட் கோப்பில் எழுதி வைக்காவிட்டால், மூடியதும் அது போய்விடும்.

புதியவர்கள் அதிகம் தடுமாறுவது அட்டவணைகளின் வரிசையில்தான். முதலில் மைனர் மோடுகள் (கூடுதலாகச் சேர்க்கும் வசதிகள்), அடுத்து மேஜர் மோடு (டைரெட் போன்ற முதன்மை மோடு), கடைசியில் பொது அட்டவணை. பொது அட்டவணையில் நீங்கள் அமைத்த விசை வேலை செய்யவில்லையென்றால், முன்னால் இருக்கும் ஏதோ ஒரு மோடு அதைப் பிடித்திருக்கிறது. கன்ட்ரோல்-எச், கே தட்டி அந்த விசையை அழுத்துங்கள்; எந்தக் கட்டளை, எந்த அட்டவணை என்று ஈமேக்ஸே சொல்லும். இவ்வளவு நேர்மையாகத் தன்னை விளக்கும் மென்பொருள் அபூர்வம்.

சரி, அந்த மோடின் அட்டவணையிலேயே மாற்றிவிடலாம் என்று இனிட் கோப்பில் எழுதினால் இன்னொரு சிக்கல் வரலாம். மோடு இன்னும் ஏற்றப்படாத நிலையில் அதன் அட்டவணையே இருக்காது. பிழை எழும், அதற்குக் கீழுள்ள வரிகள் எதுவும் ஓடாது. அந்த வரியை 'வித்-இவால்-ஆஃப்டர்-லோடு' என்பதற்குள் வைத்தால், மோடு ஏற்றப்பட்ட பிறகே அது ஓடும். பிழை எந்த இடத்தில் என்று தெரியாவிட்டால், 'டீபக்-இனிட்' தேர்வுடன் ஈமேக்ஸைத் தொடங்குங்கள்.

ஒவ்வொரு கட்டளைக்குப் பிறகும் 'போஸ்ட்-கமாண்ட்-ஹூக்' பட்டியலிலுள்ள செயற்கூறுகள் (ஃபங்ஷன்கள்) ஓடுகின்றன. அவற்றில் ஒன்று மந்தமானால் தட்டச்சு முழுவதும் திணறும். ஒன்று பிழை எழுப்பினால், ஈமேக்ஸ் அதைப் பட்டியலிலிருந்தே நீக்கிவிடும். நேற்றுவரை வேலை செய்த வசதி திடீரென நின்றுபோவதற்கு இதுவும் ஒரு காரணம். ஈமேக்ஸ் தன் செய்திகளைச் சேர்த்துவைக்கும் மெசேஜஸ் பஃபரில் அந்தச் செயற்கூறின் பெயர் பதிவாகியிருக்கும். மந்தத்தைப் பிடிக்க 'ப்ரொஃபைலர்-ஸ்டார்ட்' கொடுத்துச் சற்று நேரம் தட்டச்சு செய்துவிட்டு, 'ப்ரொஃபைலர்-ரிப்போர்ட்' பாருங்கள்.