எஞ்சினை அணைத்துவிட்டு கியரைப் போட்டுப் பாருங்கள்

கியர் விழ மறுக்கிறது. ரிவர்ஸ் போட்டால் 'கர்ர்ர்' என்று பற்கள் உரசுகின்றன. சத்தம் கியர் பாக்ஸிலிருந்து வருவதால் பழியும் அதன் மேல்தான் விழும். ஆனால் பல நேரம் கியர் பாக்ஸ் அப்பாவி. கோளாறு கிளட்ச்சில் இருக்கும். எதையும் கழற்றுவதற்கு முன் இரண்டே நிமிடத்தில் இதைப் பிரித்தறியலாம்.

சமதளத்தில் வண்டியை நிறுத்தி, ஹேண்ட் பிரேக் போட்டு, எஞ்சினை அணையுங்கள். கிளட்ச்சை முழுக்க மிதித்து எல்லா கியரையும் ஒவ்வொன்றாகப் போட்டுப் பாருங்கள். பிறகு கால் பிரேக்கையும் மிதித்துக்கொண்டு, எஞ்சினை ஓடவிட்டு அதையே செய்யுங்கள். அணைத்திருக்கும்போது வெண்ணெய் போல விழுந்த கியர், எஞ்சின் ஓடும்போது மட்டும் முரண்டு பிடித்தால் கிளட்ச் முழுதாக விலகவில்லை, அதாவது எஞ்சினையும் கியர் பாக்ஸையும் பிரிக்கவில்லை என்று பொருள். இரண்டு நிலையிலும் முரண்டு பிடித்தால் கிளட்ச்சை விட்டுவிடுங்கள். லிவரிலிருந்து கியர் பாக்ஸுக்குப் போகும் ஷிஃப்ட் கேபிள், அதன் மூட்டில் தேய்ந்த புஷ் (சிறு உறை), அதற்குப் பிறகு கியர் பாக்ஸின் உள்பக்கம் என்ற வரிசையில் தேட வேண்டும். நிற்கும் வண்டியில் எப்போதாவது ஒரு கியர் மட்டும் விழாமல் போவது கோளாறு அல்ல. பல்லுக்கு நேராகப் பல் வந்து நின்றிருக்கும். எஞ்சின் ஓடும்போது நியூட்ரலில் கிளட்ச்சை ஒருமுறை விட்டு மிதித்தால் விழுந்துவிடும்.

கிளட்ச் என்பது எஞ்சினோடு சுற்றும் ஃப்ளைவீல் என்ற கனமான சக்கரத்துக்கும், அதை நோக்கி அழுத்தும் பிரஷர் பிளேட்டுக்கும் நடுவே நசுங்கியிருக்கும் ஒரு தட்டு. அந்த கிளட்ச் பிளேட்டின் நடுத்துளையில் உள்ள பற்கள் கியர் பாக்ஸுக்குள் சுழற்சியைக் கொண்டுபோகும் இன்புட் ஷாஃப்டைப் பிடித்திருக்கும். பெடலை மிதித்தால் ரிலீஸ் பேரிங் முன்னே நகர்ந்து பிரஷர் பிளேட்டை அழுத்திப் பிடிக்கும் டயாஃபிரம் ஸ்பிரிங்கின் விரல்களை அழுத்தும், பிரஷர் பிளேட் விலகும், நடுத்தட்டு விடுபடும். இதில் கவனிக்க வேண்டியது அளவு. கால் ஏறத்தாழ 13, 14 சென்டிமீட்டர் கீழே போனாலும் பிரஷர் பிளேட் நகர்வது இரண்டு மில்லிமீட்டர் அளவுக்குத்தான். பெடலின் ஓட்டத்தில் வழக்கத்துக்கு மேல் இரண்டு சென்டிமீட்டர் வீணானாலே தட்டு பாதி ஒட்டியபடி சுற்றிக்கொண்டிருக்கும். அதனால் முதலில் பார்க்க வேண்டியது பெடலுக்குக் கீழே மடிந்து கிடக்கும் ரப்பர் மேட்டை. சிரிக்க வேண்டாம், பெடல் முழுதாக இறங்காமல் போக அது ஒன்றே போதும்.

அடுத்தது ஃப்ரீ பிளே. கேபிள் கிளட்ச் உள்ள வண்டிகளில் பெடலை விரலால் அழுத்தினால், கனம் தெரிவதற்கு முன் சிறிது தூரம் சும்மா இறங்க வேண்டும். பல கார்களில் இது 10 முதல் 25 மி.மீ. வரை, சரியான அளவு வண்டியோடு வந்த கையேட்டில் இருக்கும். அதிகமானால் கிளட்ச் விலகாது, கியர் உரசும். இல்லாமலே போனால் நேர் எதிர்க் கோளாறு வரும்: ரிலீஸ் பேரிங் எந்நேரமும் ஸ்பிரிங்கை அழுத்திக்கொண்டே இருந்து, தட்டு வழுக்கித் தேயும். தட்டு தேயத் தேய ஸ்பிரிங் விரல்கள் பேரிங்கை நோக்கி நகர்வதால் ஃப்ரீ பிளே தானாகவே குறைந்துகொண்டு வரும். பெடல் வர வர மேலே வந்து பிடிப்பதும், மிதிக்கக் கனப்பதும் அதனால்தான்.

கேபிளுக்குப் பதில் திரவ அழுத்தத்தால் இயங்கும் ஹைட்ராலிக் கிளட்ச் என்றால் பெடலைத் தொடர்ந்து நான்கைந்து முறை பம்ப் அடித்துவிட்டு கியர் போடுங்கள். இப்போது மட்டும் எளிதாக விழுந்தால் லைனில் காற்று புகுந்திருக்கிறது, அல்லது பெடல் பக்கத்து மாஸ்டர், கிளட்ச் பக்கத்து ஸ்லேவ் சிலிண்டர்களில் ஒன்றின் சீல் போய்விட்டது. பெடல் கம்பியின் உச்சியிலும் ஸ்லேவ் சிலிண்டரின் ரப்பர் உறைக்குள்ளும் ஈரம் இருக்கிறதா என்று பாருங்கள். கிளட்ச் ஆயிலை ஊற்றி மட்டத்தைச் சரி செய்வதோடு நிறுத்தினால் அடுத்த வாரமும் ஊற்ற வேண்டியிருக்கும்.

2015, 2023 டிசம்பர் வெள்ளங்களில் சென்னையில் மூழ்கிய கார்களைப் போல, தண்ணீரில் நின்று பிறகு வாரக்கணக்கில் ஓடாமல் கிடக்கும் வண்டியில் இன்னொன்று நடக்கலாம். கிளட்ச் பிளேட் துருவோடு சேர்ந்து ஃப்ளைவீலில் ஒட்டிக்கொள்ளும். பெடல் சரியாக இறங்கும், கேபிளும் சரியாக இருக்கும், ஆனாலும் கியர் விழாது.

கிளட்ச் விலகாமல் இருப்பதைப் பொறுத்துக்கொண்டு ஓட்டினால்தான் உண்மையான செலவு வருகிறது. முன்னோக்கிச் செல்லும் ஒவ்வொரு கியருக்கும் சிங்க்ரோனைசர் என்ற வளையம் உண்டு. பற்கள் சேர்வதற்கு முன் அது உரசி, இரண்டு பக்கத்தின் வேகத்தையும் சமப்படுத்தும். கிளட்ச் விலகியிருந்தால் அது கட்டுப்படுத்த வேண்டியது இன்புட் ஷாஃப்டையும் தட்டையும் மட்டுமே. விலகாவிட்டால் எஞ்சினோடே மல்லுக்கட்ட வேண்டும். பித்தளை வளையம் அதைத் தாங்காது. எல்லா கியரும் கடினமாக விழுந்தால் கிளட்ச்சைச் சந்தேகியுங்கள். மூன்றிலிருந்து இரண்டுக்கு இறக்கும்போது மட்டும் உரசினால் இரண்டாவது கியரின் சிங்க்ரோனைசர் தேய்ந்திருக்கிறது. ரிவர்ஸுக்குப் பல வண்டிகளில் இந்த வளையமே கிடையாது. ஆகவே நியூட்ரலில் கிளட்ச்சை மிதித்து, ஐந்தாறு விநாடி பொறுத்து ரிவர்ஸ் போடுங்கள். அப்போதும் உரசினால் இன்புட் ஷாஃப்ட் இன்னும் சுற்றுகிறது என்று அர்த்தம்.

தட்டு வழுக்குவதைக் கண்டுபிடிக்க வெறிச்சோடிய சாலை போதும். நான்காவது கியரில் 40 கி.மீ. வேகத்தில் போய் ஆக்ஸிலேட்டரை முழுக்க மிதியுங்கள். எஞ்சின் சத்தம் எகிறி, வேகம் அதற்கேற்ப ஏறாவிட்டால் தட்டு வழுக்குகிறது. கருகிய வாடையும் வரலாம். கிளப்பும்போது வண்டி அதிர்ந்து குலுங்கினால் தட்டில் ஆயில் பட்டிருக்கலாம், ஃப்ளைவீல் சூடேறிப் புள்ளி விழுந்திருக்கலாம். ஆனால் கியர் பாக்ஸை இறக்குவதற்கு முன் எஞ்சினைத் தாங்கும் ரப்பர் மவுண்டிங் கிழிந்திருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். அதுவும் இதே குலுக்கலைத் தரும்.

சத்தத்தைக் கால் சொல்லிக்கொடுக்கும். நியூட்ரலில் பெடலை மிதித்தால் கிளம்பும் கீச்சொலி ரிலீஸ் பேரிங்கினுடையது. மிதித்தால் அடங்கி, விட்டால் கிளம்பும் உறுமல் இன்புட் ஷாஃப்ட் பேரிங்கினுடையது.

கியர் பாக்ஸ் இறங்கிவிட்டால் தட்டை மட்டும் மாற்றி மிச்சம் பிடிக்காதீர்கள். இறக்கி ஏற்றும் கூலிதான் பெரிய செலவு. பிரஷர் பிளேட்டும் ரிலீஸ் பேரிங்கும் சேர்ந்தே மாறட்டும். பழைய தட்டைக் கையில் வாங்கிப் பாருங்கள். ரிவெட் தலைக்கு மேல் 0.3 மி.மீ. உராய்வுப் பொருள்கூட மிஞ்சாவிட்டால் அதன் ஆயுள் முடிந்தது. தட்டில் ஆயில் பளபளத்தால் எஞ்சினின் கிராங்க் ஷாஃப்டின் பின் சீலையும் இன்புட் ஷாஃப்ட் சீலையும் பார்த்து, கசிவதை மாற்றாமல் மூடவிடாதீர்கள். மாட்டும்போது ஷாஃப்டின் பற்களில் கிரீஸை மெல்லிய பூச்சாகத் தடவினால் போதும். அள்ளி அப்பினால் சுற்றும் வேகத்தில் அது புதுத் தட்டின் மேலேயே தெறிக்கும்.