சிபாப் மெஷின் வாங்கப் போகிறீர்களா? கடைக்காரர் கேட்காத சீட்டைப் பற்றிச் சொல்கிறேன்

தூக்கத்தில் மூச்சடைப்பு உள்ளவர்கள் இரவில் போட்டுக்கொள்ளும் சிபாப் மெஷினை நம் ஊரில் டாக்டர் சீட்டு இல்லாமலே வாங்கிவிடலாம். ஆன்லைனில் பணம் கட்டினால் இரண்டு மூன்று நாளில் பெட்டி வாசலுக்கு வந்துவிடும். யாரும் எதுவும் கேட்பதில்லை. நான் வடசென்னையில் சுவாச சிகிச்சையாளராக இருக்கிறேன். ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரை வீடுகளுக்குப் போய் இந்த மெஷின்களைப் பொருத்திக் கொடுத்துப் பழக்கிவிடுவதுதான் வேலை. போகிற வீடுகளில் பலவற்றில் மெஷின் ஏற்கெனவே வாங்கியிருப்பார்கள். பீரோ மேல் துணி போர்த்தி வைத்திருப்பார்கள், இல்லையென்றால் கட்டிலுக்கு அடியில் தள்ளியிருப்பார்கள். "மெஷின் சரியில்லை" என்பார்கள். போட்டுப் பார்த்தால் மெஷின் நன்றாகவே ஓடும். அதில் எவ்வளவு பிரஷர் வைக்க வேண்டும் என்று யாரும் எழுதிக் கொடுத்திருக்க மாட்டார்கள், அவ்வளவுதான்.

நோயைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். தூங்கும்போது தொண்டைத் தசைகள் தளர்ந்து மூச்சுக்குழாயை அடைத்துக்கொள்கின்றன. குறைந்தது 10 விநாடி மூச்சு நின்றால் அதை ஒரு அடைப்பாகக் கணக்கில் எடுப்பார்கள். மூச்சு முழுதாக நிற்காமல் ஓரளவு குறைந்து ஆக்சிஜன் இறங்கினாலும் கணக்கில் சேரும். ஒரு மணி நேரத்துக்கு இப்படி 5 முதல் 15 வரை என்றால் லேசானது, 15 முதல் 30 வரை நடுத்தரம், 30-க்கு மேல் தீவிரம். ஸ்லீப் ஸ்டடி, அதாவது தூங்கும்போது மூச்சைப் பதிவுசெய்து பார்க்கும் பரிசோதனை, அதன் ரிப்போர்ட்டில் 'ஏஹெச்ஐ' என்று போட்டிருக்கும் எண் இதுதான். குறட்டைச் சத்தத்தை வைத்து இதைக் கண்டுபிடிக்க முடியாது. வீடே அதிரக் குறட்டை விடுபவருக்கு ஏஹெச்ஐ மூன்றாக இருந்து பார்த்திருக்கிறேன்.

சிபாப் செய்வது ஒன்றே ஒன்றுதான். மூக்கு வழியாகக் காற்றை ஒரு அழுத்தத்தில் செலுத்தி அந்தக் குழாயைத் திறந்தே வைத்திருக்கும். ஆஸ்திரேலியாவில் காலின் சல்லிவன் என்ற மருத்துவர் 1981-ல் வெளியிட்ட முறை இது. அழுத்தத்தைத் தண்ணீரின் சென்டிமீட்டர் உயரத்தில் அளப்பார்கள். மெஷின்கள் பொதுவாக 4 முதல் 20 வரை கொடுக்கும். யாருக்கு எவ்வளவு என்பது ஆளைப் பொறுத்தது. குறைவாக வைத்தால் குழாய் திறக்காது. அதிகமாக வைத்தால் மாஸ்க் ஓரத்தில் காற்று கசிந்து கண்ணில் அடிக்கும், வயிறு உப்பும், ஆள் எழுந்து உட்கார்ந்துவிடுவார்.

அழுத்தத்தைத் தானே ஏற்றி இறக்கிக்கொள்ளும் ஆட்டோ மெஷினும் இருக்கிறது. "ஆட்டோ மெஷின் வாங்கினால் அதுவே பார்த்துக்கொள்ளுமே" என்று கேட்கிறார்கள். காசிமேட்டிலிருந்து ஒரு டிரெய்லர் ஓட்டுநர் வந்தார். துறைமுகத்துக்கு வெளியே கன்டெய்னர் வரிசையில் நிற்கும்போது ஸ்டியரிங்கிலேயே தூங்கிவிடுவார்; பின்னால் இருப்பவர் ஹாரன் அடித்தால்தான் வண்டி நகரும். டாக்டரிடம் போனால் லைசென்ஸ் போய்விடும் என்று பயந்து, மச்சான் போனில் தேடி ஆர்டர் போட்ட ஆட்டோ மெஷினை மாட்டியிருக்கிறார். "மேடம், முதல்ல மூச்சே முட்டுது. அப்புறம் நடுராத்திரி காத்து மூஞ்சில அடிக்குது. ரெண்டு நாள்ல கழட்டிப் போட்டுட்டேன்" என்றார். திறந்து பார்த்தேன். பெட்டியிலிருந்து எடுத்தபோது இருந்த 4 முதல் 20 என்ற அமைப்பு அப்படியே இருந்தது. அவர் உடம்புக்கு 4 என்ற தொடக்கம் போதவே போதாது, அதனால் மூச்சு முட்டியிருக்கிறது. மாஸ்க் ஒரு சைஸ் பெரிது. காற்று கசியக் கசிய மெஷின் குழம்பி அழுத்தத்தை ஏற்றிக்கொண்டே போயிருக்கிறது. முறைப்படி ஸ்லீப் ஸ்டடி எடுத்தபோது ஏஹெச்ஐ நாற்பதைத் தாண்டியிருந்தது. டாக்டர் எழுதிக் கொடுத்தது: ஆட்டோ சிபாப், 9 முதல் 14 வரை, மூக்கு மாஸ்க் மீடியம், ஈரப்பத வசதியோடு. மெஷின் அதேதான், எண்கள்தான் வேறு. இப்போது இரவில் ஆறு மணி நேரம் போட்டுத் தூங்குகிறார்.

ஓட்டுநர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். சிகிச்சை எடுத்துக்கொண்டு விழிப்போடு ஓட்டுவதற்குத்தான் டாக்டர் உதவுவார். சிகிச்சை இல்லாமல் நாற்பது அடி வண்டியை எண்ணூர் விரைவுச் சாலையில் ஓட்டுவது உங்களுக்கும் ஆபத்து, எதிரே பைக்கில் வருபவருக்கும் ஆபத்து. பயந்து மறைக்காதீர்கள்.

தண்டையார்பேட்டையில் ஓய்வுபெற்ற துறைமுக ஊழியர் ஒருவர், அமெரிக்காவில் இருக்கும் மகளிடம் சொல்லி மெஷின் வாங்கி வரச் சொன்னார். அங்கே கடைக்காரர், அந்நாட்டில் உரிமம் பெற்ற மருத்துவரின் சீட்டு இல்லாமல் தர முடியாது என்று சொல்லிவிட்டார். "இங்கே சும்மா குடுக்கிறான், அங்கே ஏன் இவ்வளவு கெடுபிடி?" என்று பெரியவர் என்னிடம் வருத்தப்பட்டார். அமெரிக்காவில் மருந்து, மருத்துவச் சாதனங்களைக் கட்டுப்படுத்தும் அரசு அமைப்பான எஃப்டிஏ இதைச் சீட்டு இருந்தால் மட்டுமே விற்கலாம் என்ற வகையில் வைத்திருக்கிறது. மெஷினோடு மாஸ்க்குக்கும் சீட்டு வேண்டும். ஃபில்டர், டியூப் போன்றவற்றுக்கு வேண்டாம். நம் நாட்டிலும் சட்டம் இல்லாமல் இல்லை. மருத்துவச் சாதன விதிகள் 2017-ல் வந்தன. 2020 ஏப்ரல் 1 முதல் எல்லா மருத்துவச் சாதனங்களும் மருந்துச் சட்டத்துக்குள் வந்துவிட்டன. விற்பவருக்கு உரிமமோ பதிவுச் சான்றிதழோ இருக்க வேண்டும். வெளிநாட்டு மெஷின் என்றால் பெட்டியில் இறக்குமதி உரிம எண் இருக்க வேண்டும். ஆனால் கடை மேசையில் சீட்டைக் கேட்கும் பழக்கம்தான் வரவில்லை. அதனால் கடைக்காரர் கேட்காவிட்டாலும், நீங்கள் உங்கள் டாக்டரிடம் கேட்டு வாங்க வேண்டும் என்கிறேன்.

கேட்டு வாங்கும்போது முழுசாக வாங்குங்கள். 'சிபாப்' என்று ஒரே சொல் எழுதிய சீட்டுகள் என்னிடம் நிறைய வருகின்றன. அதை வைத்துக்கொண்டு எதையும் பொருத்த முடியாது. நோயின் பெயர், ஏஹெச்ஐ, எந்த வகை மெஷின், பிரஷர் எண், எந்த மாஸ்க், ஈரப்பத வசதி வேண்டுமா, கூடவே ஆக்சிஜன் வேண்டுமா, தேதி, டாக்டரின் பதிவு எண் என்று எல்லாம் இருக்க வேண்டும். இரண்டு அழுத்தத்தில் காற்று தரும் பைபாப் மெஷின் என்றால் மூச்சை இழுக்கும்போது ஒரு எண், விடும்போது ஒரு எண் என்று இரண்டு இருக்கும். எந்த மோடு, அதாவது மெஷின் எந்த முறையில் ஓட வேண்டும் என்பதும் வேண்டும்.

பைபாப் என்றதும் இன்னொரு விஷயம். பல வருஷம் பீடி, சிகரெட் பிடித்து நுரையீரல் கெட்டவர்கள் நம் பகுதியில் அதிகம். அவர்களில் சிலருக்கும், உடல் எடை மிக அதிகமாக இருக்கும் சிலருக்கும், ரத்தத்தில் கார்பன் டை ஆக்சைடு தேங்கிக்கொண்டே இருக்கும். காலையில் எழுந்ததும் தலைவலி, பகலெல்லாம் மந்தம். சிபாப் மட்டும் போட்டால் சிலருக்கு அது போதாது. பைபாப் தேவைப்படலாம். அதை ரத்தப் பரிசோதனை பார்த்துத்தான் சொல்ல முடியும். நுரையீரலில் பெரிய காற்றுக் கொப்புளங்கள் இருப்பவர்கள், முன்பு நுரையீரல் ஓட்டையாகிக் காற்று வெளியேறியவர்கள், சமீபத்தில் தலையில் அறுவை சிகிச்சை செய்தவர்கள் அழுத்தக் காற்றைத் தாங்களாகப் போட்டுக்கொள்ளவே கூடாது. இதயம் பலவீனமாக இருப்பவர்களுக்கு அடைப்பு தொண்டையில் இல்லாமல், மூளையிலிருந்து மூச்சுக்கான உத்தரவு வராமலும் மூச்சு நிற்கலாம். அதற்கென்று ஏஎஸ்வி என்ற விலை உயர்ந்த மெஷின் இருக்கிறது. 2015-ல் வெளியான சர்வ்-ஹெச்எஃப் ஆய்வில், இதயத்தின் பம்ப் செய்யும் திறன் குறைந்த இப்படிப்பட்ட நோயாளிகளுக்கு அந்த மெஷின் போட்டபோது இதயநோய் மரணம் கூடியது தெரியவந்தது. விலை அதிகமான மெஷின் நல்ல மெஷின் என்று நினைத்து வாங்குபவர்கள் இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

மாஸ்க்கைத் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அதைத்தான் எல்லோரும் அலட்சியமாக வாங்குகிறார்கள். சிபாப் மாஸ்க்கின் முன்பக்கத்தில் பொடிப்பொடியாகத் துளைகள் இருக்கும். கையை அருகில் வைத்தால் காற்று வருவது தெரியும். நாம் வெளியே விடும் மூச்சு அதன் வழியாகத்தான் போகிறது. காற்று கசிகிறது என்று அந்தத் துளைகளின் மேல் பிளாஸ்திரி ஒட்டியிருந்த ஒரு வீட்டைப் பார்த்துப் பதறிப்போனேன். மருத்துவமனை வென்டிலேட்டருக்கான மாஸ்க்குகளில் இந்தத் துளை இருக்காது. பலவற்றில் டியூப் சேரும் வளைவு நீல நிறத்தில் இருக்கும். பழக்கமானவர் எடுத்துக் கொடுத்தார் என்று அதை வீட்டுச் சிபாப்பில் மாட்டினால், விட்ட மூச்சையே திரும்ப இழுப்பீர்கள். இன்னொன்று, சில மாஸ்க்குகளின் பட்டையில் காந்தக் கொக்கி இருக்கும். பேஸ்மேக்கர் வைத்தவர்களும், தலையில் உலோக கிளிப் உள்ளவர்களும் அந்த வகையைத் தொடக் கூடாது. கூடவே படுக்கும் மனைவிக்கோ கணவருக்கோ பேஸ்மேக்கர் இருந்தாலும் அதே கதைதான்.

பழைய மெஷின் வாங்கலாமா என்பது அடிக்கடி வரும் கேள்வி. கொரோனா காலத்தில் அவசரத்துக்கு வாங்கிய பைபாப், சிபாப் மெஷின்கள் பல வீடுகளில் சும்மா கிடந்து, கைமாறி விற்பனைக்கு வந்தன. அதற்குள் முந்தைய ஆளின் எண்கள் அப்படியே இருக்கும். 2021 ஜூனில் பிலிப்ஸ் நிறுவனம் தன் முதல் தலைமுறை ட்ரீம்ஸ்டேஷன் உள்ளிட்ட பல மாடல்களைத் திரும்பப் பெறுவதாக அறிவித்தது. சத்தத்தைக் குறைக்க உள்ளே வைத்த நுரைப்பஞ்சு சிதைந்து, துகளாகக் காற்றுக் குழாய்க்குள் வரலாம் என்பதே காரணம். யாராவது பழையதைக் கொடுத்தால் சீரியல் எண்ணை எழுதிக்கொண்டு வந்து, அந்தப் பட்டியலில் இருக்கிறதா என்று பார்த்த பிறகே பேச்சு.

நம் பகுதிக்கு ஒரு வார்த்தை. மணலி, எண்ணூர் பக்கம் மெஷினின் வெள்ளை ஃபில்டர் சில வாரத்திலேயே சாம்பல் நிறமாகிவிடுகிறது. கையேட்டில் போட்டிருக்கும் கெடுவுக்குக் காத்திருக்காமல், கறுத்ததும் மாற்றுங்கள். ஈரப்பதத் தொட்டியில் லாரித் தண்ணீரோ போர் தண்ணீரோ வேண்டாம், உப்பு படியும். டிஸ்டில்டு வாட்டர் (வாலை வடிநீர்) ஊற்றி, காலையில் மிச்சத்தைக் கொட்டிவிடுங்கள்.

பணம்தான் பெரிய கவலை என்பது தெரியும். முதலில் வாடகைக்கு எடுத்து, டாக்டர் எழுதிய எண்ணில் சில வாரம் போட்டுப் பாருங்கள், ஒத்துவந்தால் வாங்குங்கள். வசதி இல்லாதவர்கள் ஸ்டான்லி அரசு மருத்துவமனையில் நெஞ்சக நோய்ப் பிரிவிலோ, காது மூக்கு தொண்டைப் பிரிவிலோ காட்டித் தொடங்கலாம். மத்திய அரசு ஓய்வூதியர்கள் தங்களுக்கான மருத்துவத் திட்டமான சிஜிஹெச்எஸ் வழியாகப் பணம் கேட்பதென்றால், ஸ்லீப் ஸ்டடி ரிப்போர்ட்டும் சிறப்பு மருத்துவரின் பரிந்துரையும் கையில் இருக்க வேண்டும். வாங்கிவிட்டுப் போய் நின்றால் சிரமம். தனியார் காப்பீட்டில் பல பாலிசிகள் இந்த மெஷினுக்குப் பணம் தருவதில்லை, அதனால் முன்னாலேயே கேட்டுக்கொள்ளுங்கள்.

சீட்டு ஒருமுறை வாங்கினால் ஆயுளுக்கும் போதும் என்று இல்லை. உடம்பு நன்றாக இளைத்தாலோ கூடினாலோ எண்ணும் மாறும். அடுத்த முறை டாக்டரைப் பார்க்கப் போகும்போது மெஷினின் எஸ்டி கார்டைக் கழற்றி எடுத்துப் போங்கள். எத்தனை மணி நேரம் போட்டீர்கள், எவ்வளவு காற்று கசிந்தது, மிச்சம் எத்தனை அடைப்பு என்பதெல்லாம் அதில் பதிவாகியிருக்கும். அதைப் பார்த்து அவர் புது எண்ணை எழுதித் தருவார்.