அப்போப்டோசிஸ்: உயிரணு உதிர்வு

தாவரச் சேர்மம் ஒன்றைத் தலை-கழுத்துப் புற்றுநோய்ச் செல்களில் சோதித்த கட்டுரை எதைப் புரட்டினாலும் இந்தச் சொல் இருக்கும். செல் செத்தால் போதும், அப்போப்டோசிஸ் என்று எழுதிவிடுகிறார்கள். சொல்லின் பிறப்பு அதற்கு இடம் கொடுக்கவில்லை.

1972-இல் கெர், வில்லி, கரி ஆகிய மூவர் ‘பிரிட்டிஷ் ஜர்னல் ஆஃப் கேன்சர்’ இதழில் இதை அறிமுகப்படுத்தினார்கள். எடுத்துக்கொடுத்தவர் அபர்டீன் பல்கலைக்கழகக் கிரேக்கப் பேராசிரியர் ஜேம்ஸ் கார்மாக். ‘அப்போ’ என்றால் விலகி, ‘ப்டோசிஸ்’ என்றால் விழுதல். மரத்திலிருந்து இலையோ பூவிதழோ உதிர்வது. நடுவிலுள்ள இரண்டாவது ‘ப்’ ஒலிக்கக் கூடாது என்று அந்தக் கட்டுரையே பரிந்துரைத்தது, கேட்பார்தான் இல்லை.

காற்று ஒடித்த கிளை வேறு, காம்பில் பிரிபடலம் அமைத்து மரமே உதிர்க்கும் இலை வேறு. முன்னது நெக்ரோசிஸ்: செல் வீங்கி உடைந்து, உள்ளிருப்பது வெளியே கொட்டி, அழற்சி கிளம்பும். பின்னதில் செல் சுருங்கும், டிஎன்ஏ துண்டாகும், சவ்வு மூடிய சிறு பொதிகளாகப் பிரிந்ததும் பக்கத்துச் செல்கள் அவற்றை விழுங்கிவிடும்.

தமிழில் ‘திட்டமிட்ட உயிரணு இறப்பு’ என்பது புழங்குகிறது. அது அகலமான சொல். செல் தானே நடத்தும் வேறு இறப்பு வகைகளான நெக்ரோப்டோசிஸ், பைரோப்டோசிஸ் இரண்டும் அதற்குள் அடங்கிவிடும். ‘செல் தற்கொலை’யும் சரியில்லை, வெளியிலிருந்து நோயெதிர்ப்புச் செல் ஏவியும் இது நடக்கும். ‘உயிரணு உதிர்வு’தான் மூலத்துக்கு நேர். பழந்தமிழில் உதிரும் பூவுக்கு ‘வீ’ என்று பெயர், ‘வீதல்’ என்றால் சாதல். ஒரே சொல்லில் இரண்டும் இருந்தும் இன்று அகராதி இல்லாமல் புரியாது.

உதிர்வுதான் என்று காட்ட, உயிருள்ள செல்களின் இயக்கத்தை நிறமாற்றத்தால் அளக்கும் எம்டிடி சோதனை போதாது. எத்தனை செல் இயங்குகிறது என்பதையே அது சொல்லும். வழக்கமான வழி இது: ஒரு லட்சம் செல்களை 100 மைக்ரோலிட்டர் கரைசலில் எடுத்து, அனெக்சின்-5 (உதிரும் செல்லின் சவ்வில் ஒட்டும் ஒளிரும் புரதம்), புரோப்பிடியம் அயோடைடு (சவ்வு கிழிந்த செல்லுக்குள் மட்டும் நுழையும் சாயம்) இரண்டிலும் தலா 5 மைக்ரோலிட்டர் சேர்த்து, 15 நிமிடம் இருட்டில் வைத்து, ஒரு மணி நேரத்துக்குள் ஃபுளோ சைட்டோமீட்டரில் (ஒவ்வொரு செல்லின் ஒளிர்வையும் அளக்கும் கருவி) ஓட்ட வேண்டும். அனெக்சின் மட்டும் ஏறியிருந்தால் தொடக்கநிலை உதிர்வு. இரண்டும் ஏறியிருந்தால் சவ்வு கிழிந்துவிட்டது, எந்த வழியில் செத்தது என்று அதை வைத்துச் சொல்ல முடியாது.

பிழைகள் பெரும்பாலும் இங்கேதான். உதிரும் செல் தட்டை விட்டுக் கழன்று ஊடகத்தில் மிதக்கும். பழைய ஊடகத்தைக் கொட்டினால் முடிவையே கொட்டியதாகிவிடும். அனெக்சின் ஒட்டக் கால்சியம் தேவை என்பதால், கால்சியத்தைப் பிடித்துக்கொள்ளும் ஈடிடிஏ மிச்சமிருக்கக் கூடாது. மஞ்சளிலுள்ள குர்குமின் தானே பச்சையாக ஒளிரும்; சாயமிடாத, மருந்திட்ட செல்களையும் ஓட்டாவிட்டால் அந்த ஒளியே உதிர்வாகக் கணக்கில் ஏறும். உதிர்வை நடத்தும் நொதியான காஸ்பேஸின் தடுப்பானைச் சேர்த்ததும் சாவு குறைகிறதா, அந்த நொதி வெட்டும் பார்ப் (PARP) புரதம் 116 கிலோடால்டனிலிருந்து 89-க்கு வெட்டுப்படுகிறதா என்பதையும் பார்க்க வேண்டும்.

செல் வகையிலும் கண் வேண்டும். வாய்ப் புற்றுச் செல் என்று விற்கப்பட்ட கேபி, குரல்வளைப் புற்றுச் செல் எனப்பட்ட ஹெப்-2 இரண்டும் உண்மையில் கருப்பைவாய்ப் புற்றிலிருந்து வந்த ஹீலா செல்கள். அவற்றில் எவ்வளவு சுத்தமாக உதிர்வைக் காட்டினாலும் அது தலை-கழுத்துப் புற்றைப் பற்றிய சான்று ஆகாது.